பரணில் கிடக்கும் பழைய வன்பொருள் தளங்கள்: சேமித்து வைத்த பக்கங்களை மீட்கும் முறை

காரைக்குடியில் கணினி பொருத்திக் கொடுக்கும் கடை ஒன்றில் 1999ஆம் ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் கடைக்கார அண்ணன். எந்த மதர்போர்டில் எந்த பிராசஸரைப் பொருத்தினால் சித்திரை வெயிலிலும் நின்று வேலை செய்யும் என்பதைக் கற்றுக்கொடுத்தவை, கடல் கடந்த ஊர்களில் இருந்து சிலர் நடத்திய, கணினி வன்பொருள் பற்றிய இணையதளங்கள். தாமஸ் பாப்ஸ்ட் 1996இல் தொடங்கிய டாம்ஸ் ஹார்டுவேர், ஆனந்த் லால் ஷிம்பி தமது 14ஆம் வயதில் 1997இல் தொடங்கிய ஆனந்த்டெக், கைல் பென்னட்டின் ஹார்டுஓசிபி, ஸ்காட் வாஸன் முன்னின்று நடத்திய டெக் ரிப்போர்ட், ஏசஸ் ஹார்டுவேர், ஷார்க்கி எக்ஸ்ட்ரீம், ஃபைரிங் ஸ்குவாட் ஆகியவற்றின் பெயர்கள் எங்கள் கடையில் தினமும் அடிபட்டன. பிரௌசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய் என்பதால் அங்கே உட்கார்ந்து படிக்க வசதியில்லை. பக்கங்களைத் திறந்து, சேமித்து, ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்து, இரவு கடை சாத்திய பிறகு ஒவ்வொன்றாகப் படிப்போம்.

அந்தத் தளங்களில் பல இன்று இல்லை. ஹார்டுஓசிபி 2019இல் புதிய கட்டுரைகளை நிறுத்தியது. ஆனந்த்டெக் 2024 ஆகஸ்ட் 30 அன்று விடைபெற்றது. இன்னும் சில, விடைபெறும் கடிதம்கூட இல்லாமல் ஒருநாள் திறக்காமல் போயின. கருவிகளைச் செய்த நிறுவனங்களும் அப்படியே. வூடு வரைகலை அட்டைகளைச் செய்த 3டிஎஃப்எக்ஸ் 2000ஆம் ஆண்டின் இறுதியில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்றது. மதர்போர்டு செய்த அபிட் 2008ஆம் ஆண்டோடு கடையைக் கட்டியது. கையேடுகள், டிரைவர்கள், பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல்) கோப்புகள் இருந்த அவற்றின் தளங்களும் உடன் மறைந்தன.

பழைய பொருளைப் பற்றிய பழைய பேச்சுதானே, போனால் போகட்டும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். 1998இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவு விலை பிராசஸர், 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் (பிராசஸரைப் போர்டோடு இணைக்கும் தகவல் வழி) நாலரை மடங்கு ஓடி 300 மெகாஹெர்ட்ஸைத் தொடும்படி வடிவமைக்கப்பட்டது. பஸ்ஸை 100க்கு ஏற்றினால் அதே நாலரை மடங்கில் 450ஐத் தொடும் என்பதையும், அபிட் பிஎச்6 போன்ற போர்டில் ஜம்பர் என்ற சிறு இணைப்புச் செருகியைத் தொடாமல் பயாஸிலேயே அதைச் செய்யலாம் என்பதையும், பெரும்பாலான சில்லுகள் அதைத் தாங்கும் என்பதையும் ஊருக்குச் சொன்னவை இந்தத் தளங்களே. இரண்டாவது, 2000ஆம் ஆண்டு இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ வெளியிட்டபோது, அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலான கெர்னலைத் தொகுக்க முடியாமல் நின்றுபோவதைத் தாமஸ் பாப்ஸ்ட் எழுதினார். கைல் பென்னட்டும் அதே குறையைக் கண்டார். ஒரு மாதத்துக்குள் இன்டெல் அந்தச் சில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தனி மனிதர்கள் தங்கள் மேசையில் வைத்துச் சோதித்து எழுதியது ஒரு பெரிய நிறுவனத்தின் அறிவிப்பை மாற்றியது என்றால், அந்தச் சோதனையின் எண்களும் வரைபடங்களும் வரலாற்றுச் சான்றுகள். அவற்றைத் தேதியோடும் முகவரியோடும் பாதுகாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்த வேலைக்குச் செட்டிநாட்டில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், புத்தகங்களோடு, பிறர் குப்பை என்று ஒதுக்கிய இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பின்னர், 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அந்தச் சேகரிப்பே அடித்தளம். எது நாளைக்குத் தேவைப்படும் என்பதை இன்றைக்கே முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டதால்தான் அது பயன்பட்டது. ஃபிளாப்பிப் பெட்டிக்கும் அதே நியாயம் பொருந்தும்.

எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

இணையத்தில் தேடத் தொடங்குவதற்கு முன் வீடுகளில் தேடுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. இணையக் காப்பகங்களில் இந்தத் தளங்களின் எழுத்துப் பகுதி ஓரளவு கிடைக்கிறது. ஆனால் சோதனை முடிவுகளைக் காட்டிய வரைபடங்கள் தனிப் படக் கோப்புகளாக இருந்ததால் பல இடங்களில் அவை மட்டும் விடுபட்டுப் போயிருக்கின்றன. அந்தப் படங்கள் யாரோ ஒருவர் அன்றைக்கே சேமித்த ஃபிளாப்பியிலோ, சிடியிலோ, கழற்றிப்போட்ட ஹார்டு டிஸ்க்கிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் பகுதியின் பெரிய வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். கல்யாணத்துக்கோ, கோவில் திருவிழாவுக்கோ, பொங்கலுக்கோ வெளியூரிலிருந்து பங்காளிகள் வரும்போதுதான் திறப்பார்கள். கேட்பதற்கு உகந்த நேரம் அதுவே. பொங்கல் என்றால் போகிக்கு நான்கைந்து நாள் முன்னதாகக் கேட்டுவிட வேண்டும். பரணை ஒதுக்கும் வேகத்தில் முதலில் தெருவுக்குப் போவது இத்தகைய பெட்டிகள்தாம். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, இரண்டாம் கட்டுப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கச் சொன்னார்கள். “இது என்னன்னு எனக்குத் தெரியாது தம்பி. பெரியவன் அமெரிக்கா போகையில வச்சிட்டுப் போனான். இருவது வருசமா எறும்பு ஏறாமப் பாத்துக்கிட்டேன். நீ பாத்துச் சொல்லு” என்றார்கள். அதற்குள் 63 ஃபிளாப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் நீல மையில், சிறிய ஆங்கில எழுத்தில், தளத்தின் பெயரும் மாதமும் எழுதியிருந்தது.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, மூலப் பெட்டி அப்படியே திரும்பி வரும் என்பது. இரண்டாவது, உள்ளே குடும்பக் கடிதமோ, கணக்கோ, புகைப்படமோ இருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் தனியே நகலெடுத்து வீட்டாரிடமே ஒப்படைப்போம் என்பது. இந்த இரண்டு வாக்குகளையும் காப்பாற்றுகிறவருக்கு அடுத்த வீட்டுக் கதவும் திறக்கும்.

வீடுகளுக்கு அடுத்தபடியாகப் பத்திரிகைகளோடு வந்த சிடிக்களைத் தேடலாம். சிப் இந்தியா, 2001இல் அதன் இடத்துக்கு வந்த டிஜிட், பிசி குவெஸ்ட் ஆகியவற்றின் சிடிக்களில் அந்தந்த மாதத்து டிரைவர்களும் பயாஸ் கோப்புகளும் இருக்கும். நிறுவனத்தின் தளமே மறைந்துவிட்ட நிலையில் இவை பெருந்துணை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குவாளிக்கும் இடையே எனக்கு இரண்டு சிடி உறைகள் கிடைத்திருக்கின்றன. கடைக்காரர் அவற்றுக்கு விலை எதுவும் கேட்கவில்லை. மூடிவிட்ட கணினிப் பயிற்சி மையங்களின் உரிமையாளர்களையும் விசாரியுங்கள்.

ஃபிளாப்பியைப் படிப்பதற்கு முன்

கையில் கிடைத்தவுடன் இயக்கியில் செருகிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை அடக்குவதுதான் இந்த வேலையில் பாதி. ஃபிளாப்பியின் உலோக மூடியை விரலால் மெல்ல நகர்த்தி, உள்ளேயுள்ள பழுப்புநிறத் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுத்தகட்டைச் சுழற்றி முழு வட்டத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகளோ, சிலந்தி வலை போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். வட்டமாகக் கீறல் தெரிந்தால் மேற்பூச்சு உரிந்திருக்கிறது. இவற்றை அப்படியே செருகினால் அந்தத் தகடு கெடுவதோடு இயக்கியின் தலையில் அழுக்கு ஒட்டி, அடுத்து வரும் நல்ல தகடுகளையும் கீறிவிடும். பூஞ்சணம் இருப்பவற்றைத் தனியே ஒதுக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் மிக லேசாகத் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே படிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒவ்வொரு தகட்டுக்குப் பின்பும் இயக்கியின் தலையையும் துடைத்துவிடுங்கள்.

அடுத்து எழுதுதடை. மூலையில் உள்ள சிறிய நகர்த்தியைத் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வைத்தால் அந்தத் தகட்டில் எதையும் எழுத முடியாது. அதற்கு எதிர்மூலையில் இருக்கும் மூடியில்லாத துளை அதிக அடர்த்தித் தகடு என்பதைக் காட்டுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுதுதடை வைக்காமல் ஒரு தகட்டையும் செருகாதீர்கள்.

யுஎஸ்பியில் இணைக்கும் வெளி இயக்கியே பெரும்பாலான தகடுகளுக்குப் போதும். கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்காமல், தகடு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுக்க வேண்டும். அப்போதுதான் அழித்த கோப்புகளின் எச்சங்களும் தேதிகளும் அப்படியே நிற்கும். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட் என்ற கணக்கில் பிம்பக் கோப்பு சரியாக 14,74,560 பைட் வர வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைப் பயன்படுத்துகிறேன். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளை ஒரு குறிப்புக் கோப்பில் பதிந்து வைத்து, பின்னர் அவற்றை மட்டும் மீண்டும் முயலும் என்பதால், நலிந்த தகடு தேவையில்லாமல் சுழன்று தேய்வதில்லை. ஓர் இயக்கியில் படிக்காத பிரிவு வேறோர் இயக்கியில் படியும். அதே குறிப்புக் கோப்பை வைத்துக்கொண்டு இயக்கியை மட்டும் மாற்றிப் பாருங்கள். எனக்கு மூன்றாவது இயக்கியில் படிந்தவை பல.

சிடிக்களுக்கும் இதே முறைதான். படிக்கும் பக்கத்தைப் பலரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்; பெயர் எழுதும் பக்கத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், அங்கே விழும் கீறல் தகவலையே கொண்டுபோய்விடும். ஒட்டியிருக்கும் தாளை உரிக்கவே கூடாது.

ஹார்டு டிஸ்க் என்றால் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகையை யுஎஸ்பிக்கு மாற்றும் கம்பி வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவைப்படுவதால் தனி மின்வழங்கி சேர்ந்த கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய கணினியையே இயக்கி எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் 98 தொடங்கும்போதே டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். மேலும் 1999 முதல் ஏறத்தாழ 2007 வரை வந்த மதர்போர்டுகள் பலவற்றில் மின்தேக்கிகளின் மின்பகுளி பழுதாக இருந்து, உள்ளே வாயு உண்டாகி, தலைப்பகுதி உப்பி வெடித்தது உலகறிந்த செய்தி. மின்வேதியியலுக்கென்றே சிக்ரி என்னும் ஆய்வகம் இருக்கும் நம் ஊரில் இதை விளக்கிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அப்படி உப்பிய போர்டில் கிடைத்தற்கரிய டிஸ்க்கை மாட்டிப் பரிசோதிப்பது தகாது.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்துத் தகடுகளில் வைரஸ் இருப்பது இயல்பு. 1998இல் தோன்றிய சிஐஎச், ஏப்ரல் 26 வந்தால் பயாஸையே அழிக்கும் தன்மை கொண்டது. எனவே பழைய நிரல் எதையும் வேலை செய்யும் கணினியில் இயக்காமல், பழைய கணினியை மென்பொருளாகவே நடித்துக்காட்டும் 86பாக்ஸ் போன்ற பாவனைக் கணினிக்குள் இயக்குங்கள். பென்டியம் காலத்துப் போர்டையும் வூடு அட்டையையும்கூட அது பாவனை செய்கிறது.

பக்கத்துக்குள் இருக்கும் முகவரி

இனி மீட்ட கோப்புகளைப் படிக்கும் வேலை. இதில்தான் தேதியும் முகவரியும் பிடிபடும். அவை இல்லாத பக்கம், ஊரும் நாளும் எழுதாத பேரேட்டு வரியைப் போன்றது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சேமித்த பக்கத்தைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தால், தலைப்பகுதியில் ஒரு குறிப்பு வரி இருக்கும். சேவ்டு ஃப்ரம் யூஆர்எல் என்று தொடங்கி, பிறைக்குறிக்குள் நான்கு இலக்க எண், அதையடுத்து பக்கத்தின் முழு முகவரி என்று அது அமைந்திருக்கும். அந்த எண் என்ன என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. முகவரியில் எத்தனை எழுத்துக்குறிகள் இருக்கின்றன என்பதன் எண்ணிக்கை அது. 0041 என்றிருந்தால் பின்வரும் முகவரியில் 41 குறிகள் இருக்க வேண்டும். ஆச்சி வீட்டுத் தகடு ஒன்றில் முகவரியின் கடைசிப் பகுதி சிதைந்திருந்தது. எண்ணிப் பார்த்தபோது சரியாக மூன்று குறிகள் குறைந்தன. பக்க எண்ணும் அதற்கு முந்தைய இரண்டு குறிகளும்தாம் போயிருந்தன என்பது தெரிந்து, முகவரியை முழுமையாக்க முடிந்தது.

பக்கம் முழுவதையும் சேமித்திருந்தால், அதே பெயரில் ஃபைல்ஸ் என்று முடியும் கோப்புறை ஒன்று உடன் இருக்கும், படங்கள் அதற்குள்தான். இரண்டையும் எப்போதும் சேர்த்தே நகர்த்துங்கள். 1.44 எம்பி இடத்தில் இன்னொரு கட்டுரையைத் திணிப்பதற்காக அந்தக் கோப்புறையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துவந்தவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன். அந்தப் பக்கங்களில் இன்று படம் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களே. எக்ஸ்ப்ளோரர் 5 வந்த 1999க்குப் பிறகு எம்எச்டி என்ற ஒற்றைக் கோப்பாகவும் சேமித்தார்கள். அது கிடைத்தால் பெரும்பேறு. எழுத்து, படம், ஒவ்வொன்றின் முகவரி, சேமித்த நேரம் அனைத்தும் அந்த ஒரே கோப்பில் இருக்கும். இன்றைய குரோம் உலாவியும் அதைத் திறக்கும்.

ஹார்டு டிஸ்க் கிடைத்தவர்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் என்ற இடத்தை மறக்காமல் பாருங்கள். யாரும் சேமிக்காமல், பார்த்ததாலேயே தங்கிப்போன பக்கங்கள் அங்கே இருக்கும். கோப்பின் பெயர் முடிவில் சதுரப் பிறைக்குறிக்குள் 1 என்ற எண் ஒட்டியிருக்கும். எந்தக் கோப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது என்ற பட்டியல் இண்டெக்ஸ்.டாட் (index.dat) என்ற கோப்பில் இருப்பதால், படங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு அதை விட்டுவிடக் கூடாது.

கோப்பின் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மதர்போர்டின் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் கணினி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். 1980 ஜனவரி என்று தேதியிட்ட பென்டியம் 3 கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டுரைக்குள் இருக்கும் வெளியீட்டு நாள், உறையில் கையால் எழுதிய மாதம், கோப்பின் தேதி ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்து வையுங்கள். ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்தாதீர்கள்.

காப்பகத்தில் இடைவெளியை நிரப்புதல்

முகவரி கையில் வந்த பிறகுதான் வேபேக் மெஷின் முழுப் பயன் தரும். புரூஸ்டர் கேல் 1996இல் நிறுவிய இன்டர்நெட் ஆர்க்கைவ், தான் சேகரித்த பக்கங்களை 2001 முதல் இதன் வழியாக எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அதில் காணும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரி நடுவிலும் 14 இலக்கங்கள் இருக்கும்: ஆண்டுக்கு நான்கு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. இந்த இலக்கங்களைக் கையாலேயே மாற்றலாம். 2000 என்று ஆண்டை மட்டும் கொடுத்தால் அதற்கு அருகிலுள்ள பதிவுக்குக் கொண்டுபோய் விடும். இலக்கங்களுக்குப் பதில் உடுக்குறி (*) இட்டால் எல்லாப் பதிவுகளும் நாள்காட்டியில் வரும். தளமுகவரியின் கடைசியிலும் ஓர் உடுக்குறி இட்டால் அந்தத் தளத்தில் பதிவான கோப்புகள் அனைத்தும் பட்டியலாக வரும். முகப்புப் பக்கம் வழியாகப் போய்க் காணாத படங்களை நான் இந்தப் பட்டியலில்தான் கண்டெடுத்தேன்.

இலக்கங்களை ஒட்டி ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஐ, டி ஆகிய இரண்டையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால், காப்பகம் தன் பட்டையையும் மாற்றங்களையும் சேர்க்காமல் மூலக்கோப்பை அப்படியே தரும். சேமிப்பதற்கு அந்த வடிவமே உரியது.

பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து இங்கே உண்டு. நாம் 2000ஆம் ஆண்டுப் பதிவைப் பார்க்கிறோம் என்று நினைத்தாலும், அதற்குள் இருக்கும் படங்கள் வேறு நாட்களில், சில சமயம் ஆண்டுகள் கழித்துப் பதிவானவையாக இருக்கலாம். காப்பகம் அருகில் கிடைத்ததை எடுத்து ஒட்டிக் காட்டுகிறது. அதே பெயரில் வரைபடத்தைப் புதுப்பித்து ஏற்றிய தளங்கள் உண்டு என்பதால், ஒவ்வொரு வரைபடத்தையும் தனியே திறந்து அதன் 14 இலக்கங்களைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுத் தகட்டில் கிடைத்த படமும் காப்பகத்துப் படமும் வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட கட்டுரைகள் பத்துப் பதினைந்து பக்கங்களாகப் பிரிந்திருக்கும். அச்சிடுவதற்கான பக்கம் என்ற இணைப்பு இருந்தால் அதை முதலில் தேடுங்கள். முழுக் கட்டுரையும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும். சட்டகங்களால் (ஃபிரேம்) பிரித்த பக்கங்களில் உள்ளடக்கச் சட்டகத்தின் முகவரியைத் தனியே எடுத்துத் தேட வேண்டும். தளத்தின் இன்றைய முகவரியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பாதீர்கள். காலாவதியான பெயரை வேறு யாரோ வாங்கி வேறு எதற்கோ வைத்திருப்பது வழக்கம்.

மதர்போர்டின் ஜம்பர் அமைப்பு மட்டுமே வேண்டும் என்றால் டோட்டல் ஹார்டுவேர் 99 என்ற தொகுப்பைத் தேடுங்கள். நிறுவனங்கள் அழிந்த போர்டுகளுக்கும் அதில் படத்தோடு விவரம் இருக்கிறது.

தமிழ்ப் பக்கங்கள் கிடைத்தால்

அந்த ஆண்டுகளில் தமிழிலும் கணினி பற்றி எழுதினார்கள். அந்தப் பக்கங்களை இன்றைய உலாவியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த கூட்டாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் போன்ற குறியேற்றங்களிலோ, இதழ்கள் சொந்தமாகச் செய்துகொண்ட எழுத்துருக்களிலோ எழுதியவை அவை. பக்கத்தின் மூலத்தில் எழுத்துருவின் பெயர் இருக்கும். எந்தக் குறியேற்றம் என்று தேடுவதற்கு அதுவே துப்பு. குறியேற்ற மாற்றி கொண்டு யூனிகோடு நகல் ஒன்று எடுங்கள், ஆனால் மூலத்தைத் தொடாதீர்கள். அதே தகட்டில் எழுத்துருக் கோப்பும் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். சில எழுத்துருக்களுக்கு வேறு எந்த நகலும் இல்லை.

வைத்துக்கொள்ளும் முறை

மீட்டவற்றை மூன்று அடுக்காக வைக்கிறேன். முதல் அடுக்கில் தகட்டின் பிம்பம். அதை ஒருபோதும் மாற்றுவதில்லை. இரண்டாவதில் அதிலிருந்து பிரித்தெடுத்த கோப்புகள். மூன்றாவதில், படிப்பதற்கு ஏற்றபடி படங்களைச் சேர்த்து ஒழுங்கு செய்த பக்கம். காப்பகத்திலிருந்து இறக்குபவற்றை வார்க் என்ற வடிவத்தில் சேமிப்பது நல்லது. பக்கத்தோடு அது வந்த முகவரியும் நேரமும் ஒரே கோப்பில் பதிவாகும் பன்னாட்டுத் தரமுறை அது. ஒவ்வொரு கோப்புக்கும், அதில் ஒரு பைட் மாறினாலும் வேறாகிவிடும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்து ஒரு பட்டியலில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நகல் இங்கே, ஒன்று வேறொரு வீட்டில், இன்னொன்று வெளியூரில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு காகித ஏடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் ஐயா பினாங்குக் கடைக்கு எழுதிய பேரேடு 70 ஆண்டு கழித்தும் படிக்கும்படி இருக்கிறது. என் ஏட்டில் தகட்டின் எண், எந்த வீடு, உறையில் எழுதியிருந்தது, பக்கத்தின் முகவரி, மூன்று தேதிகள், கிடைக்காத படங்களின் கோப்புப் பெயர்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. கிடைக்காத வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து சேர்ப்பதும், கட்டுரையின் வாசகத்தைக் கொண்டு எண்களை ஊகித்து நிரப்புவதும் கூடாது. அந்த இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும்.

பதிப்புரிமையையும் மதிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்துவைக்க எழுதியவரின் அனுமதி தேவை. அவர்களில் பலர் இன்றும் இத்துறையில்தான் இருக்கிறார்கள். “உங்கள் கட்டுரையின் ஐந்தாம் பக்கத்து வரைபடம் காரைக்குடியில் கிடைத்திருக்கிறது” என்று மரியாதையாக எழுதினால், அனுமதியோடு, தங்களிடமும் இல்லாமல் போன ஒன்று கிடைத்த மகிழ்ச்சியையும் சேர்த்தே அனுப்புவார்கள்.

ஆச்சி வீட்டு 63 தகடுகளில் 48 முழுமையாகப் படிந்தன. 9 தகடுகளில் சில பிரிவுகள் போயின. 6 தகடுகள் எதுவும் தரவில்லை. அந்த ஆறையும் தூக்கி எறியாமல், என்னென்ன முயன்றேன் என்ற சீட்டை ஒவ்வொன்றிலும் வைத்து, மற்றவற்றோடு அதே பிஸ்கட் டின்னில் அடுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் இரண்டு போட்டு, அடுத்த கல்யாணத்துக்கு வீடு திறந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவர்கள் மகன், பட்டாலையிலேயே உட்கார்ந்து, தகடுகளின் மேல் தாம் எழுதியிருந்து, நான் என் ஏட்டில் பதிந்திருந்த மாதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இரண்டைத் திருத்திக் கொடுத்தார்.